நான் பின்னாத கூடைகள்

"உனுக்கு இன்னாத்துக்குடி அது? கல்யாணம் ஆயி மூணு வருசம் ஆவுது. புள்ள பெத்து பேரும் வச்சாச்சி. தாம்பூலம் வாங்கினு போனவங்களே மறந்து பூட்டாங்க. நீ இப்ப வந்து எந்தக் கூடைய யாரு பின்னாங்கன்னு விசாரண பண்ணிகினு கீற. போ, போயி புள்ளைக்கு மூக்க தொடச்சி வுடு."

என் பேத்தியைப் போனில் இப்படித்தான் விரட்டினேன். விரட்டினால் போகிறவளா? வெங்காயம் போட்டு வைத்திருந்த கூடையைக் கவிழ்த்துப் போனுக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள்.

"இத்த பாரு ஆயா. நடுவுல கட்டம் ஒடஞ்சி கீது. மெய்யா சொல்லு, இது நீ பின்னதா, அந்த ஆயா பின்னதா?"

அந்த ஆயா என்றால் அவளுடைய அப்பாவைப் பெற்றவள். எனக்குச் சம்பந்தி. அடுத்த வாரம் அவளுக்கு முதல் வருஷத் திதி வருகிறது. மருமகன் மறுபடியும் ஒரு பேனர் அடிக்கப் போகிறாராம். அதில் போடுவதற்கு நல்லதாக நாலு வார்த்தை சேகரிக்கும் வேலை என் பேத்திக்கு. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? சிக்னல் வரவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

போன பேனரே போதும். அவள் செத்த அன்று தண்டையார்பேட்டையில் தெருமுனைக் கரண்ட் கம்பத்துக்கும் டீக்கடைக் கூரைக்கும் நடுவில் அதைக் கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் புறா, கீழே ரோஜாப்பூ, நடுவில் அவள். தலை மட்டும்தான் அவளுடையது. கழுத்துக்குக் கீழே எவளோ ஒருத்தியின் பட்டுப்புடவை, அவள் பிறந்ததிலிருந்து உடுத்தாத அரக்கு நிறம். நெற்றிச் சுருக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி எடுத்துவிட்டிருந்தான் பேனர் கடைக்காரன். மேலே, 'பாசத்தின் சிகரமே'. கீழே, 'குடும்பத்துக்காகவும் தோழிகளுக்காகவும் கைவேலைக்காகவும் வாழ்ந்த எங்கள் தாயே'. நான் ரெண்டாங் கிளாஸ். எழுத்துக் கூட்டி அத்தனையும் படித்து முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் நின்ற பொம்பளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னா அழகா எயுதி கீறாங்க" என்றாள்.

"ஆமா. போன மாசம் பின்னாடி தெரு கெய்வனுக்கும் இத்தயேதான் எயுதனாங்க. தந்தையேன்னு இருந்த எடத்துல தாயேன்னு, நண்பர்ன்னு இருந்த எடத்துல தோழின்னு மாத்தி கீறாங்க."

செத்த வீட்டில் சிரிக்க வைத்துவிட்டேன் என்று அவள் அன்றைக்கு முழுக்க என் பக்கத்திலேயே வரவில்லை.

நான் காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்றவள். வீடு ராயபுரத்தில். என் பெண்ணை அவள் மகனுக்குக் கட்டிக் கொடுத்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கூடவே வந்த அந்தப் பொம்பளைதான். பெண் பார்க்க வந்த அன்றே கையில் ஒரு கூடையோடு வந்தாள். பழமும் பூவும் தட்டில் வைத்துக் கொண்டு வருவார்கள், பார்த்திருக்கிறோம். இவள் கூடையில் வைத்துக் கொண்டு வந்து, பழத்தை எடுத்துக்கொண்டு கூடையைத் திருப்பிக் கொடுக்கப் போன என் கையைப் பிடித்து, "கூடையும் உங்களுக்குத்தான், நானே பின்னது" என்றாள். யார் கேட்டார்கள்?

அவள் இருந்தது குடோன்களுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில். ஹார்பரிலிருந்து லாரியில் வரும் பெட்டிகளைச் சுற்றி இறுக்கமாகப் பிளாஸ்டிக் பட்டை கட்டியிருப்பார்கள் அல்லவா, லோடு இறக்குகிறவர்கள் அதைக் கத்தியால் அறுத்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அதுதான் அவளுக்குச் சரக்கு. அவர்களும் குப்பையில் போட வேண்டியதைச் சுருட்டிக் கட்டி, "ஆயா, இந்தா உன் பட்டு நூலு" என்று வாசலில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவள் அதைக் கழுவி, வெயிலில் காய வைத்து, ஒரே அளவாக வெட்டி, மத்தியானம் முழுக்கப் பின்னிக்கொண்டே இருப்பாள். மஞ்சள் கூடை, நடுவில் பச்சையில் ஒரு சாய்சதுரக் கட்டம். வருஷக்கணக்காக அதே கூடை, அதே கட்டம். கடவுள் கூட மழையை மாற்றி மாற்றிப் பெய்ய வைக்கிறார்.

விற்க மாட்டாள். கொடுத்துவிடுவாள். பிள்ளை பிறந்தால் கூடை, வயசுக்கு வந்தால் கூடை, வீடு மாறினால் கூடை, ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆரஞ்சுப்பழத்தோடு கூடை. என் வீட்டில் மட்டும் பதினொன்று இருந்தது. ஒன்றில் வெங்காயம், ஒன்றில் செருப்பு, ஒன்றில் பூனை குட்டி போட்டது.

இது போதாதென்று காலையில் எல்லோருக்கும் போன் போடுவாள். மகன், மருமகள், பேரன், பேத்தி, அண்ணன் பெண், அத்தை மகன், நான். "சாப்ட்டாச்சா?" அவ்வளவுதான். சாப்பிடாமல் யார் இருக்கிறார்கள் இந்த ஊரில்? மத்தியானம் ரெண்டு மணிக்கு அக்கம்பக்கத்துத் தோழிகள் நாலு பேர் வந்து அவள் வாசலில் உட்காருவார்கள். டீ, முறுக்கு, யார் மருமகள் யாரிடம் என்ன சொன்னாள். பௌர்ணமிக்கு ஐந்து பேருமாக ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போவார்கள். சாமியிடம் போகும்போதும் கையில் கூடை.

பேரப்பிள்ளைகள் அவளுக்குக் கூடை ஆயா என்று பெயர் வைத்தன. எனக்கு வாய் ஆயா. நான் கொண்டு போகும் வஞ்சிரம் வறுவலைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டுதான் இந்தப் பெயரை வைத்தன.

அதனால் நானும் ஒரு வேலை வைத்துக்கொண்டேன். அவள் கூடையில் ஒரு கோணல் கண்டுபிடிப்பது. போகும்போதெல்லாம் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். அடியைத் தட்டிப் பார்ப்பேன். தரையில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். இருபது வருஷம். ஆடாது. கோடு போட்ட மாதிரி இருக்கும். எரிச்சலில், "சம்பந்திமா, இதுல தண்ணி மொண்டா நிக்குமா?" என்று கேட்பேன்.

"நிக்காது. உங்க வாயில நிக்கற மாரிதான்" என்பாள்.

வெளியாள் முன்னால் வாங்க போங்க. தனியாக இருந்தால் வா போ. அது எங்களுக்குள் எப்போதும் இருந்த ஏற்பாடு. இன்னொன்றும் இருந்தது. அவள் பெருமை பேசத் தொடங்கினால் நான் எதிரில் உட்கார்ந்து மூஞ்சியைக் கோணலாக்குவேன். மூக்கை மேலே தள்ளி, நாக்கை நீட்டி, கண்ணை ஒன்றுக்கொன்று மாற்றி. பிள்ளைகள் புரண்டு சிரிக்கும். அவள் கை நிற்காது, பேச்சும் நிற்காது, நடுவில் "கொரங்கு" என்று ஒரு வார்த்தை மட்டும் விழும்.

பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. அன்றைக்கே இவள் எழுந்து நின்று, "தாம்பூலத்துக்குக் கடைப்பை வேணாம். நானே கூடை பின்றேன்" என்று சபையில் அறிவித்தாள். எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். வாங்குகிறவர்கள் பையென்றால் மடித்து வைப்பார்கள், கூடையை எங்கே கொண்டு வைப்பார்கள் என்று கேட்டேன். என் பெண்ணே என்னை முறைத்தாள்.

மருமகனுக்கு மட்டும் கொஞ்சம் கவலை. அவர் மணலியில் கம்பெனி வேலை, புழலில் நாலாவது மாடியில் வீடு. அம்மாவைத் தன்னோடு கொண்டு வைத்துக்கொள்ள வேண்டுமென்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷப் பொங்கலுக்கு அவள் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கையைச் சுட்டுக்கொண்டபோது, "இன்னொரு தபா இப்டி எதுனா ஆச்சி, வூட்ட பூட்டி சாவிய குடுத்துட்டு உன்ன கூட்டினு பூடுவேன், சொல்லிட்டேன்" என்று கட்டு பிரிக்கும்போதே சொன்னார். சொன்னால் செய்கிறவர். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் பிடித்தால் விடமாட்டான், அதுதான் பயம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். காலை பதினோரு மணி இருக்கும். அந்த வரிசை வீட்டில் வெயில் வாசலோடு நின்றுவிடும், உள்ளே பகலிலும் லைட் போட்டால்தான் ஆள் தெரியும். அன்று லைட் இல்லை. இருட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பட்டை, மூலையில் முடித்த கூடைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"வா. நீ வர்றது தெருமுனையிலயே மூக்குக்கு தெரியுது" என்றாள்.

பதில் சொல்லிக்கொண்டே லைட்டைப் போட்டு, வழக்கம்போல் மேலே இருந்த கூடையை எடுத்து ஒரு கண்ணை மூடினேன்.

பச்சைக் கட்டம் பாதியில் மஞ்சளாகி, மஞ்சளுக்குள் ஓடிப் போய், மறுபக்கம் தனியாக ஒரு பச்சைக் கோடு நின்றுகொண்டிருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதுவும். அடுத்ததும். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இருபது வருஷத்துக் காத்திருப்பு. யாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"இன்னா சம்பந்திமா, கட்டத்துக்குக் கன்னம் வீங்கி கீது?"

"எதுக்கு?"

"கூடைக்கு. பச்ச எங்க, மஞ்ச எங்க? அம்மன் கோயில் தேர் சாஞ்ச மாரி கீது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் கூடையை வாங்கி, கட்டம் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினாள். கண்ணால் பார்க்கவில்லை. தடவினாள். திருப்பி மறுபடியும் தடவினாள்.

நான் சத்தம் போடாமல் அவள் எதிரில் குந்தி, மூக்கை மேலே தள்ளி, நாக்கை நீட்டி, கண்ணை மாற்றினேன். முழு மூஞ்சி, எதையும் மிச்சம் வைக்கவில்லை. குரங்கு என்று வரும் என்று காத்திருந்தேன். அவள் கதவுச் சட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இன்னா, பேச்சயே காணோம். பூட்டியா?" என்றாள்.

நாக்கை உள்ளே போட்டுக்கொண்டேன்.

"இங்கதான் கீறேன்" என்றேன். "எத்தினி நாளா?"

அவள் புரியாத மாதிரி கொஞ்ச நேரம் பட்டையை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பு மாதிரி இருந்தது, பட்டை இழுத்த கை.

சர்க்கரை கண்ணைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஒரு தோழியை மூட்டு வலிக்குக் காட்ட அழைத்துப் போகிற சாக்கில் தானும் போய்க் காட்டியிருக்கிறாள். முன்னாலேயே வந்திருக்கணும், இனிமேல் திரும்பாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்களாம். வாசல் வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். பால் கவிழ்ந்தது அதனால்தான். டீ ஊற்றும்போது டம்ளருக்குள் விரலை வைத்து அளவு பார்ப்பாள். இத்தனை நாள் அந்த டீயைத்தான் நான் குடித்திருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஏற, இறங்க, கால் வலி என்று தோழி கையைப் பிடித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை மகன் வரும்போது மட்டும் மறக்காமல் லைட்டைப் போட்டு வைப்பாள்.

"கூடை எப்டிடி பின்ன?"

"பச்ச பட்ட சொரசொரன்னு இருக்கும், மஞ்ச வழவழன்னு இருக்கும். கையில எடுத்தாலே தெரியும், இதுக்கு இன்னாத்துக்கு கண்ணு? இந்த மாசம் குடோனுக்கு வேற சரக்கு வருது. ரெண்டு பட்டையும் ஒரே வழவழ. லோடுகாரன்கிட்ட பச்சைய வலது பக்கம், மஞ்சைய இடது பக்கம் வைக்க சொன்னேன். வச்சான். பக்கத்து வூட்டுக்காரி பெருக்க வந்து, பெரிய உதவி பண்றதா நெனச்சி, அல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டா போல."

முழுசாக மூணு வாரம் அப்படியே பின்னியிருக்கிறாள். முப்பதுக்கு மேல் இருந்தது.

"உன் மருமவன்கிட்ட சொல்லிடாத" என்றாள்.

"ஏன் சொல்லக் கூடாது? சொல்லுவேன். நாளைக்கே அடுப்புல உயுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

"சொன்னா புழல்ல கொண்டு போயி வச்சிடுவான்."

"இன்னாது? என் பொண்ணு இருக்கற வூடு உனுக்கு ஜெயிலா?"

"உன் பொண்ணு தங்கம். காலைல எட்டு மணிக்கு தங்கம் வேலைக்கு பூடும். அவனும் பூடுவான். நாலாவது மாடி. கீய எறங்க தெரியாது. எதிர் வூட்டுக்காரன் கதவ தொறந்து நான் பாத்ததில்ல. அங்க எந்த லோடுகாரன் எனுக்கு பட்ட குடுப்பான்? ரெண்டு மணிக்கு யாரு வருவாங்க? இங்க எனுக்கு கண்ணே வேணாம். எட்டு அடியில தண்ணி கொயா, பதினாலு அடியில பக்கத்து வூட்டுக்காரி வாசல். யாரு நடந்தாலும் செருப்பு சத்தத்துல பேரு சொல்லுவேன். அங்க போனா அன்னிக்கே நான் குருடி."

என் பெண் வீட்டை இப்படிப் பேசிவிட்டாளே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். நானே ஒரு தடவை அங்கே போய் ரெண்டு நாளில் பஸ் ஏறி ஓடி வந்தது ஒரு பக்கம்.

"அடுப்ப தொட மாட்டேன்னு சொல்லு" என்றேன். "பக்கத்து வூட்டுக்காரிய ஒல வைக்க சொல்லு. பட்டைய கலந்து வச்ச பாவத்துக்கு அவ ஒரு கை அரிசி சேத்து போடட்டும். அடுப்ப பத்த வச்சன்னு காதுல உயுந்துது, அடுத்த போன் மாப்ளைக்குத்தான்."

"தொடல."

"உன் வாய நம்ப முடியாது."

"உன் மூஞ்சிய நம்பறதுக்கு என் வாய நம்பலாம்."

அந்தக் கூடைகளைப் பிரித்துத் திரும்பப் பின்னலாமே என்றேன். பெரிய யோசனை சொன்ன மாதிரி இருந்தது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். இந்தப் பட்டை ஒரு தடவை மடிந்தால் மடிந்ததுதான், பிரித்தால் மடிப்பில் வெளுத்து, அடுத்த இழுப்பில் விண்டு போகும். தூக்கிப் போடவும் முடியாது. கல்யாணத்துக்கு அத்தனை கூடை குறைந்தால் ஏன் என்று மருமகன் கேட்பார்.

கடைசியில் நான்தான் ஒரு வழி கண்டேன். தான் கண்டதாகப் பிற்காலத்தில் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள், நம்ப வேண்டாம். பச்சைப் பட்டையின் இரண்டு முனையையும் கத்தரியால் கூராக வெட்டுவது. மஞ்சளை மொட்டையாகவே விடுவது. கட்டை விரல் முனையில் பட்டால் தெரிந்துவிடும். கூர் பச்சை, மொட்டை மஞ்சள். அந்த மாதம் முழுக்க நாள் தவறாமல் பஸ் பிடித்துத் தண்டையார்பேட்டைக்குப் போய், அவள் எதிரில் குந்திப் பட்டை முனை வெட்டினேன். மீன் செதில் எடுத்த கைக்கு வந்த வேலையைப் பாருங்கள். வீட்டில் கேட்டவர்களிடம், கல்யாண வேலை, சம்பந்தி திணறுகிறாள், ஒரு கை பிடிக்கிறேன் என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப் போய்விட்டது என்று என் பெண் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். பேச்சு சுவாரசியத்தில் ஒரு நாள் ஒரு கட்டு மஞ்சளுக்கும் கூர் வைத்துவிட்டேன். நாலைந்து கூடை அதில் போயிற்று. பார்த்தபோது அவள் பின்னி முடித்திருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் சாகிற வரைக்கும் அந்தக் கதைதான் ஓடியிருக்கும்.

கலர் மாறிய கூடைகளை எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பேசி வைத்தோம். காசிமேட்டு ஆட்கள் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள், கூடையைப் பார்க்க மாட்டார்கள். யாராவது கேட்டால் நான் பின்னியது என்று சொல்வது. அவ்வளவுதான் பேச்சு.

கல்யாணம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில். மண்டபத்தில் நாம் பேசி வைத்தது எது நடக்கிறது? தாம்பூலம் கொடுக்கும் மேஜையில் எந்தப் பிள்ளையோ எல்லாக் கூடையையும் கலந்து அடுக்கிவிட்டது. அவள் மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தடவித் தடவி, தேங்காய், வெற்றிலை, ரெண்டு வாழைப்பழம் போட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று, "வர்றது உன் நாத்தனாரு", "இது பொண்ணோட டீச்சர்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர்கள் அவள் முகத்தில் உள்ள சிரிப்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மருமகன் யாருக்கோ கொடுக்க ஒரு கூடையை எடுத்தார். எடுத்தவர் நின்றுவிட்டார். கூடையை வெளிச்சத்தில் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"அம்மா, இது இன்னாமா? பாதி பச்ச, பாதி மஞ்ச. நீ இப்டி பின்ன மாட்டியே. கண்ணு கிண்ணு செரியா தெரியுதா உனுக்கு?"

அவர் நின்றது அவளுக்கு இடது பக்கம். மண்டபத்தில் மேளச் சத்தம், குரல் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை. அவள் நேராக எதிரில் இருந்த வாழைத்தாரைப் பார்த்து, "தெரியாம இன்னாடா" என்றாள். அவர் முகம் மாறத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிஷம் அவள் கண்ணையே பார்த்தால் முடிந்தது. கல்யாணம் முடிந்த கையோடு புழல்.

"அத்த வையுங்க மாப்ள, அது நான் பின்னது" என்றேன்.

"நீங்களா?"

"ஏன், எனுக்கு கை இல்லியா? பேத்தி கல்யாணத்துக்கு அவங்கதான் பின்னணும்னு சட்டமா? ஒரு மாசமா பஸ்ஸு ஏறி வந்து எறங்கினேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் இந்தப் பொம்பளை வாயைத் திறந்தாள்.

"இருவது வருசமா என் கூடைய தூக்கி தூக்கி கொற சொன்னாங்களேப்பா. எத்தினி நாளு நான் பொறுக்கறது? நீங்களே பின்னி காட்டுங்கன்னு பட்டைய கையில குடுத்துட்டேன். புடிக்கவே ஒரு வாரம் ஆச்சி. பச்சைக்கும் மஞ்சைக்கும் வித்தியாசம் சொல்லி குடுக்க இன்னொரு வாரம். மீன் ஆயற கை, அதுல எங்கேந்து கூடை வரும்? தூக்கி போட மனசு வரல. பெரியவங்க ஆசப்பட்டுட்டாங்க."

இந்த வசனம் பேசி வைத்ததில் இல்லை.

மருமகன் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் சொந்தத் தங்கை கூடையைத் தூக்கி ஒரு கண்ணை மூடி, என்னை மாதிரியே பார்த்து, "அக்கா, நண்டு நடந்த மாரி கீதே" என்றாள். ஒருத்தன் தனக்கு அந்தக் கூடைதான் வேண்டும், பழத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். மாப்பிள்ளை வீட்டார் வரைக்கும் சேதி போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. "அடியில பாருங்க, அடியில" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். மேஜைக்கு அடியில் கையை விட்டு அவள் தொடையில் கிள்ளினேன். இன்னும் சத்தமாகச் சிரித்தாள். இருபது வருஷத்துப் பாக்கியை வட்டியோடு வாங்கிக்கொண்டாள் பாவி, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மருமகன் அதற்கப்புறம் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் நான் போவேன். கத்தரி அவள் வீட்டிலேயே இருந்தது. அடுப்பைத் தொடவில்லை, அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றினாள். மற்றபடி என் பெயரைக் கெடுக்கும் வேலையை விடவில்லை. புதிதாக யார் வந்தாலும், "இவங்க பின்ன கூடைய பாத்தீங்களா?" என்று தொடங்கிவிடுவாள். நான் எதிரில் உட்கார்ந்து முழு மூஞ்சியையும் கோணலாக்குவேன். கொஞ்ச நேரம் கழித்து, என் பேச்சு நின்றதை வைத்துக் கணக்குப் போட்டு, "கொரங்கு" என்பாள். சில தடவை நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன், அப்போதும் சொல்வாள்.

ஒரு மத்தியானம், தோழிகள் நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சுவரில் சாய்ந்தவள் சாய்ந்தபடியே போய்விட்டாள். மடியில் பாதி பின்னிய கூடை இருந்ததென்று இப்போது கதை கட்டுகிறார்கள். முறுக்கு இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது, பெட்டிக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. மருமகன் அதைப் படித்தார், தேதியைப் பார்த்தார். கல்யாணத்துக்கு ரொம்ப முன்னால் தேதி. என்னிடம் கொண்டு வந்து நீட்டினார்.

"அத்த, இது உங்களுக்கு தெரியுமா?"

"எனுக்கு படிக்க தெரியாதே மாப்ள. இங்கிலீஷ்ல வேற கீது."

"சொல்லி இருந்தா நான் கூட்டினு போயி வச்சி பாத்துருப்பேனே அத்த. கீய எறங்க வுடாம பாத்துருப்பேன்."

"பாத்துருப்பீங்க மாப்ள" என்றேன். "எனுக்கு தெரியாதா உங்கள பத்தி."

அவர் அழுதார். காப்பி கொண்டு வந்து கொடுத்தேன். வேறென்ன செய்வது?

நான் கிளம்பும்போது தோழிகள் நாலு பேரும் அந்தக் காலி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு மணி ஆகிவிட்டிருந்தது, பழக்கதோஷம். சீட்டு கிடைத்த சேதி அவர்களுக்கு என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, ரெண்டு வருஷம் உலை வைத்துப் போட்டவள், என்னை நிறுத்தினாள். மற்ற மூணு பேரும் தெருவைப் பார்த்தார்கள். தெருவில் ஒன்றும் இல்லை. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், அது அழுவதற்கா சிரிப்பதற்கா என்று தெரியவில்லை.

"இன்னா ராயபுரத்தம்மா, கல்யாணத்து கூடை எல்லாம் நீ பின்னதுதான?"

"பின்ன? மண்டபமே சிரிச்சுதே, நீ இல்லியா அங்க?"

"இருந்தேன். அதான் கேக்கறேன். எனுக்கும் ஒண்ணு அதே மாரி பின்னி குடேன், அவ நெனப்பா வச்சிக்கறேன்."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்தக் கிழவிகளுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் என்னைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னேன்:

"பின்றது எல்லாம் நிறுத்திட்டேன்மா. கண்ணு முன்ன மாரி தெரியல."